தலையீத்து மாடுகளோடு மூன்று வருடம்

2022 பொங்கல் முடிந்த நாலாம் நாள் கால்நடை மருத்துவர் எங்கள் பட்டிக்கு வந்து நான்கு மாடுகளைச் சினை பிடித்திருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தார். நான்கும் முந்தின வருடம் மாசி, பங்குனியில் தலையீத்தாக, அதாவது முதல் ஈத்தாகக் கன்று போட்டவை. பத்து மாதம் ஓடிவிட்டது. ஒன்று சினை, மூன்று வெறும் மாடு. அதே காளைதான் பெரிய மாடுகள் ஆறில் ஐந்தைச் சினையாக்கியிருந்தது. அதனால் காளை மேல் பழி போட வழியில்லை.

"மாட்டுக்கு நோவு ஒண்ணுமில்லீங்க. கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்குது. சினைப்பைதான் தூங்குது" என்றார். ஏன் தூங்குகிறது என்று கேட்டேன். வாயால் பதில் சொல்லாமல் மாட்டின் விலா எலும்புகளை விரலால் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டினார்.

அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அதில் மூன்று வருடமாக எழுதி வைத்ததுதான் இது.

எங்களுடையது காங்கேயத்துக்குக் கிழக்கே பன்னிரண்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. கிளுவை வேலி போட்ட மூன்று துண்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாடுகள் எல்லாம் காங்கேயம் இனம். இதைக் கறவைக்கென்று யாரும் வளர்ப்பதில்லை, கறந்தாலும் வீட்டுக்கு டீ போட ஒன்றரை, இரண்டு லிட்டர் வரும். வருமானம் கன்றில்தான். வருடம் ஒரு கன்று போட்டால் மாடு தன் தீனிச் செலவைத் தானே கட்டிக்கொள்ளும். ஒன்றரை வருடத்துக்கு ஒன்று என்றால் நம் கைக்காசு போகும். இரண்டு வருடம் வெறுமனே நின்றால் யாராவது ஒரு வியாபாரி வந்து விலை கேட்பார், அந்த மாடு கேரளத்துக்கு அடிமாடாகப் போகும். இளம் மாடு சினை பிடிக்காதது எங்களுக்கு அந்த அளவுக்குப் பெரிய விஷயம்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இறைச்சிக்காக மந்தையாக மாடு வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. அவர்களும் பால் கறப்பதில்லை. கன்று தாயோடேயே மேயும். தலையீத்து மாடு இரண்டாவது சினைக்குத்தான் மக்கர் பண்ணும் என்று அவர்களும் புலம்புகிறார்கள். நம் ஊரில் கிடைக்கும் மாட்டு வளர்ப்புக் குறிப்புகளில் முக்கால்வாசி ஜெர்சி கலப்புக் கறவைக்கு எழுதியவை. கன்று மடியிலேயே கிடக்கும் மாட்டுக்கு அவை பாதிதான் பொருந்தும். ஆகவே அவர்களிடமிருந்து கொஞ்சம், மருத்துவரிடமிருந்து கொஞ்சம், அப்பாரு சொன்னதில் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் துப்பு தானாகவே கிடைத்தது. அந்த மூன்று வெறும் மாட்டில் இரண்டுக்குக் காளைக்கன்று, ஒன்றுக்குக் கிடாரி. பணத்தேவைக்காகக் காளைக்கன்றுகள் இரண்டையும் பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஓட்டினோம். ஒரு மாதத்துக்குள் அந்த இரண்டு தாயும் பருவத்துக்கு வந்து கத்தின. கிடாரிக்கன்றை வைத்திருந்த மூன்றாவது மாடு அசையவே இல்லை. தீனி மூன்றுக்கும் ஒன்றுதான், காடும் ஒன்றுதான். கன்று முட்டி முட்டிக் குடிக்கும்வரை தாயின் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகவேண்டிய உத்தரவு அடங்கிக் கிடக்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். பெரிய மாடு அதை ஒரு மாதிரி தாண்டி வந்துவிடும். உடம்பில் சதையில்லாத இளம் மாட்டால் முடியாது.

இரண்டாவது விஷயம் மாதம். எங்கள் காளை வருடம் முழுக்கப் பட்டியோடேயே திரிந்தது. சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்து புல் தலைகாட்டும்போது கிடாரிகள் பருவத்துக்கு வந்தன, சினையாயின. சினைக்காலம் 285 நாள் என்று வைத்துக்கொண்டால் கன்று விழுவது மாசி. மாசியில் கொரங்காட்டில் என்ன இருக்கும்? கொழுக்கட்டைப் புல் காய்ந்து துரும்பாகியிருக்கும். பங்குனி தாண்டினால் உதிர்கிற வெள்வேலங்காயும் போரில் உருவிப் போடும் சோளத்தட்டும்தான். பால் அதிகம் சுரக்கவேண்டிய மூன்று மாதமும் சரியாகக் கோடையில் போய் மாட்டிக்கொள்கிறது. தலையீத்து மாட்டுக்கு அப்போது ஆறு பல்தான் மாறியிருக்கும், கடைசி ஜோடி இனிமேல்தான் முளைக்கணும். அதுவே இன்னும் வளர்கிற பிள்ளை. தின்கிற தீனி முதலில் அதன் உயிரைத் தாங்கப் போகும், அப்புறம் வளர்ச்சிக்கு, அப்புறம் பாலுக்கு. மிச்சம் இருந்தால்தான் சினைப்பை கண் திறக்கும். எங்கள் மாடுகளுக்கு மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஆக, கன்று ஐப்பசி, கார்த்திகையில் விழணும் என்று முடிவு செய்தேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தை வரை காட்டில் பச்சை நிற்கும். ஐப்பசியில் ஈனவேண்டுமானால் மார்கழி கடைசி, தை மாதத்தில் காளை சேரணும். காளையை வருடம் முழுக்க அவிழ்த்துவிடும் பழக்கத்தை நிறுத்தி, தனியாகக் கட்டித் தீனி போட ஆரம்பித்தோம். அதற்கு வலுவான கட்டுத்தரையும் இரட்டைக் கயிறும் போட்டதில் செலவு கொஞ்சம் ஆனது. முதல் மாதம் இரண்டு தடவை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

இனி கிடாரிகள், அதாவது இன்னும் ஈனாத இளம் பசுக்கள். 2022 ஜூனில் இரண்டரை வயதை ஒட்டி ஐந்து கிடாரிகள் இருந்தன. தையல்காரர் வைத்திருக்கும் அங்குலநாடாவை வைத்து அளந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு எடுத்து அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். எல்லா அளவும் அங்குலத்தில் இருக்கணும். சுற்றளவு 54, நீளம் 48 என்றால் 212 கிலோ. முதல் நாள் நாடாவின் சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்து அளந்துவிட்டு, எங்கள் கிடாரி மூன்று டன்னுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு வந்தது. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. நம்பிக்கைக்காக ஒரு கிடாரியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், பத்து கிலோவுக்குள்தான் வித்தியாசம்.

எங்கள் பட்டியில் முழுசாக வளர்ந்த பசு சுமார் 330 கிலோ. காளைக்கு விடும்போது கிடாரி அதில் நூற்றுக்கு 65 பங்காவது இருக்கணும் என்பது இறைச்சி மாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு, அப்படியென்றால் 215 கிலோ. வயதை வைத்து முடிவு செய்வதைவிட இதுதான் சரி என்று இப்போது எனக்குத் திடமாகத் தோன்றுகிறது. எங்கள் ஐந்தில் இரண்டுதான் அன்றைக்கு அதைத் தாண்டியிருந்தன. மற்ற மூன்றும் 178, 190, 204.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தையும் பெரிய மாடுகளிடமிருந்து பிரித்து வேறு துண்டில் விட்டேன். காங்கேயத்துக் கொம்பு தெரியும்தானே. தொட்டியில் நாம் எவ்வளவு தீனி கொட்டினாலும் பெரியவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், சின்னது பத்தடி தள்ளி நிற்கும். பிரித்த பிறகுதான் போட்ட தீனி போட்ட வயிற்றுக்குப் போனது. குடற்புழு நீக்கத்துக்கு மருந்து கொடுத்தோம். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு கிலோ அடர்தீனி. நூறு கிலோவுக்கு மக்காச்சோள மாவு 40, தவிடு 32, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 25, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று வீட்டிலேயே கலந்தது. இந்தத் தாது உப்பை எங்கள் ஊரில் யாரும் லட்சியம் செய்வதில்லை. ஆனால் எங்கள் கிடாரிகள் காட்டில் எலும்புத் துண்டையும் துணியையும் மென்றுகொண்டு நிற்கும். பாஸ்பரஸ் பற்றாக்குறை இருந்தால் அப்படிச் செய்யும் என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதத்தில் அந்தப் பழக்கம் குறைந்தது.

டிசம்பர் கடைசியில் மறுபடி அளந்தபோது நான்கு 215-ஐத் தொட்டிருந்தன. அதில் ஒன்று, நெட்டக்கொம்பி, சரியாக 215-இல் நின்றது. 178-இல் இருந்த தாயம்மா 196 வரை வந்தாள். அவளை அந்த வருடம் விடவில்லை. "மூணு வயசு ஆகுது, இன்னும் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று மாமா ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

2023 ஜனவரி 1-ஆம் தேதி காளையை நான்கு கிடாரிகளோடு விட்டேன். 21 நாளுக்கு ஒரு பருவம், ஆக இரண்டு பருவத்துக்கு 42 நாள். பெரிய மாடுகளுக்கு அதன் பிறகுதான் காளை. இறைச்சி மாட்டுக்காரர்கள் கிடாரிகளை மூன்று வாரம் முந்தியே சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தலையீத்து மாடு தேற அதிக நாள் எடுக்கும், முந்தி ஈன்றால் அந்த நாள் கையில் கிடைக்கும்.

காளை கூடவே இருந்தாலும் தேதியை நாம் எழுதி வைத்தாகணும். நம் நாட்டு மாட்டின் பருவம் குறைந்த நேரம்தான் நீடிக்கும், அதிலும் பாதி தடவை ராத்திரியிலேயே வந்து முடிந்துவிடும். விடிகாலை ஐந்து மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். ஒன்றன் மேல் ஒன்று தாவுவது, தீனி எடுக்காமல் நிற்பது, வாலடியில் கண்ணாடி போன்ற வழும்பு காய்ந்து ஒட்டியிருப்பது. பார்த்ததைத் தினசரிக் காலண்டரில் எழுதி, 21 நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் போட்ட நாளில் மாடு சும்மா இருந்தால் நல்ல செய்தி. சித்திரையில் மருத்துவர் பார்த்து உறுதி செய்தார். வள்ளி, மயிலி, பூரணி மூன்றும் சினை. நெட்டக்கொம்பி இல்லை.

ஆவணி தொடங்கி, அதாவது ஈனுவதற்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, மூன்றுக்கும் அடர்தீனியை ஒன்றரைக் கிலோ ஆக்கினேன். இங்கேதான் வீட்டில் சண்டை. சினை மாட்டுக்குக் கடைசியில் தீனி கூட்டினால் கன்று பெருத்துவிடும், தலையீத்து மாடு ஈன முடியாமல் சாகும் என்பது ஊர் நம்பிக்கை. முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன், கொழுப்பு ஏறும்வரை தின்னவிட்டால் கஷ்டம்தான். ஆனால் வயிற்றைக் காயப்போட்டால் கன்று சிறுப்பதைவிடத் தாய்தான் அதிகம் வாடும், முக்கி ஈனவும் தெம்பு இருக்காது. கருவில் கன்றின் எடையில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. அதை நம் தீனியிலிருந்து எடுக்காவிட்டால் தாயின் முதுகிலிருந்து எடுத்துக்கொள்ளும். உடல்வாகை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையில் ஈனும்போது மூன்று இருக்கணும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையை அழுத்தினால் தட்டுப்படணும். வாலடிக் குழி ஓரளவு நிரம்பியிருக்கணும். பால் கொடுக்க ஆரம்பித்தபின் இந்தச் சதையை ஏற்றுவது மிகவும் கஷ்டம், செலவும் அதிகம்.

வள்ளி அக்டோபர் 28-ஆம் தேதி விடிகாலை யாருக்கும் தொல்லையில்லாமல் ஈன்றாள். மயிலி நவம்பர் 14. பூரணி நவம்பர் 6-ஆம் தேதி என்னைப் படுத்திவிட்டாள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் ஒரு கால்தான் வெளியே. மருத்துவர் வந்து மடங்கியிருந்த இன்னொரு காலைச் சரிசெய்து இழுத்தார். கன்று பிழைத்தது, நச்சுக்கொடி மறுநாளும் விழவில்லை. அப்புறம் காய்ச்சல், நாற்றமடிக்கும் கழிவு, ஐந்து நாள் ஊசி. நான் அரை மணி முந்திக் கூப்பிட்டிருக்கணும் என்பது நோட்டில் அடிக்கோடிட்டு இருக்கிறது.

இனி கன்றைப் பிரிக்கும் கதை. வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால் 365-இல் 285 போக மீதி 80 நாள். அதற்குள் கர்ப்பப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரணும், அதற்கே நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஆகும். ஆகவே கன்றுகள் நாற்பத்தைந்து நாளைத் தாண்டியதும், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் குடிக்கவிட்டு மற்ற நேரம் பிரித்து வைப்பது என்று திட்டம். கொரங்காட்டின் ஓரத்திலேயே மூங்கில் பட்டி ஒன்று கட்டினேன். நல்ல நிழல், தண்ணீர்த் தொட்டி, இளம் புல் எல்லாம் இருந்தது.

மூன்றே நாளில் தோற்றுப்போனேன். வள்ளி நாள் முழுக்க மூங்கில் தட்டியை ஒட்டி நின்றாள், மேயவே போகவில்லை. இரண்டாம் நாள் கன்று தட்டிக்கு நடுவே தலையை நுழைத்து ஆனந்தமாகக் குடித்துக்கொண்டிருந்தது. இடைவெளியை அடைத்தேன். மயிலி வேலியை முட்டி ஒரு கழியை முறித்தாள். போதாததற்கு, குடிக்காவிட்டாலும் கன்று பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாலே தாயின் சினைப்பையை அடக்கும் வேலை பாதி நடந்துவிடுமாம். கன்றுகளை வீட்டுக்குப் பின்னால், காட்டிலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றினேன். இரண்டு ராத்திரி யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மாடுகள் மேயப் போயின.

"கன்னு வாயில அடிச்சு என்னடா சம்பாதிக்கப் போற?" என்று அம்மா கேட்டார். அதற்கு நான் வைத்திருந்த ஒரே பதில், இந்த மூன்று மாட்டிலும் ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குக் கறக்க வேண்டாம், சுரப்பது எல்லாம் கன்றுக்கே என்பதுதான். டீக்குப் பெரிய மாட்டுப் பால் போதும். கன்றுகளுக்கு அரைத்த மக்காச்சோளமும் புண்ணாக்கும் கைப்பிடியில் தொடங்கி, மூன்றாம் மாதம் அரைக் கிலோ வரை வந்தது. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வாரம் கன்றுகள் கொஞ்சம் வாடின, அப்புறம் பிடித்துக்கொண்டன.

ஜனவரி 9-ஆம் தேதி, ஈன்று 73-ஆம் நாள், வள்ளி கத்தினாள். அன்று காளையை இன்னும் அவிழ்க்கவில்லை, காலண்டரில் மட்டும் எழுதிக்கொண்டேன். பொங்கலுக்குக் காளையை விட்டோம். வட்டம் போட்ட ஜனவரி 30-ஆம் தேதியே சேர்ந்தது. மயிலி பிப்ரவரி 17, ஈன்று 95-ஆம் நாள். பூரணி ஏப்ரல் வரை இழுத்தாள். கர்ப்பப்பைப் புண் ஆறி, ஏப்ரல் 11-ஆம் தேதிதான் சினை பிடித்தாள், அவளுடைய கணக்கு மாதம் தப்பிப்போய்விட்டது. இறைச்சி மந்தைக்காரர்கள் இப்படித் தப்பியதை அந்த வருடமே விற்றுவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை, தவிர அவள் சிக்கலில் பாதி என் தாமதம்.

2024 நவம்பரில் வள்ளியும் மயிலியும் பதினெட்டு நாள் இடைவெளியில் ஈன்றன. இரண்டு ஈத்துக்கு நடுவே வள்ளிக்கு 379 நாள், மயிலிக்கு 380. 80 நாள் கணக்குக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருக்கிறது. 2021-இல் ஈன்றவற்றோடு பார்த்தால் நான் புகார் சொல்லக்கூடாது. மூன்று மாட்டை வைத்துக்கொண்டு இதில் எது பலித்தது, தீனியா, மாதமா, கன்றைப் பிரித்ததா என்று யாராவது கேட்டால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் ஈனும் மாதத்தைத்தான் மாற்றுவேன். அதற்குப் பெரிய செலவில்லை, ஒரு கட்டுத்தரையும் கயிறும் போதும்.

நெட்டக்கொம்பியை மலடு என்று ஊரே சொன்னது. முதல் வருடம் எடை 215-ஐத் தொட்டாலும் அவளுக்கு அது விளிம்பு, சினைப்பை இன்னும் முதிரவில்லை என்றார் மருத்துவர். இன்னொரு வருடம் தின்று 240 தாண்டினாள். 2024 தை மாதம் அவளும் தாயம்மாவும் முதல் பருவத்திலேயே சினை பிடித்தார்கள்.

இப்போது இருக்கும் சிக்கல் வேறு. வள்ளியின் முதல் கன்று கிடாரி, நாடாவில் நன்றாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் அப்பன் எங்கள் காளை. அது காளைக்கு வருவதற்குள் பூச்சிக்காளையை, அதாவது சினைக்கு விடும் காளையை மாற்றியாகணும். வெள்ளகோவில் பக்கம் மச்சான் ஒருவரிடம் நல்ல மயிலைக் காளை இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு லோடு சோளத்தட்டும் வேண்டுமாம். தட்டுக்கு யார் வண்டி வாடகை கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.